மறு: 'குளிர்கால உறக்கம்' போதுமா? 'ஒடுக்கம்' எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். தேரை, தவளை போன்றவை குளிரிலோ வறட்சியிலோ அசையாமல் அடங்கிக் கிடப்பதை, தோட்ட வேலையாட்களுக்கு நான் எழுதும் குறிப்பில் 'ஒடுக்கம்' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> பாடநூலிலேயே 'குளிர்கால உறக்கம்' இருக்கிறது. பழகின சொல்லை ஏன் கலைக்க வேண்டும்?

நியாயமான கேள்விதான். போன மார்கழி வரை நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கோத்தகிரியில் எங்கள் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் வைத்திருந்தோம். வேலைக்கு வந்த அக்கா இற்றுப்போன கற்பூரமரக் கட்டை ஒன்றைப் புரட்டினார். அடியில் ஒரு தேரை. காலெல்லாம் வயிற்றுக்கடியில் மடங்கி, முதுகில் மண் ஒட்டி, கண் மூடிக் கிடந்தது. "செத்துப்போச்சுங்க" என்றார். குனிந்து பார்த்தால் தொண்டை மட்டும் எப்போதாவது ஒருதரம் துடிக்கிறது. "இல்லைக்கா, தூங்குது" என்றேன். "தூங்குதுன்னா எழுப்பிவிட்டா போயிடுமே" என்று குச்சியால் ஒரு தட்டுத் தட்டினார். அது எங்கே போகும்?

அவர் மேல் தப்பில்லை, நான் சொன்ன சொல் அப்படி. தூங்குகிறவரை எழுப்பலாம், எழுந்தால் நடப்பார். தேரையின் உடல்சூடு சுற்றியிருக்கும் மண்ணின் சூடுதான். மண் குளிர்ந்தால் இதயத்துடிப்பும் மூச்சும் குறைந்துவிடும், தட்டினாலும் கால் வராது. அந்த நிலையில் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் மூச்சு. அதனால் தோல் காயாமல் இருக்க வேண்டும். கட்டையைப் புரட்டி வெயிலில் விட்டுவிட்டுப் போனால் கதை முடிந்தது.

இன்னொரு சிக்கல், 'குளிர்கால' என்ற முன்னொட்டு. இங்கிலாந்துத் தோட்டத்துத் தவளை விறகுக் குவியலிலும் குளத்துச் சேற்றிலும் போய் அடங்குவதற்குக் குளிர்தான் காரணம். நம் மலையில் டிசம்பர், ஜனவரியில் இரவு உறைபனி கொட்டும், பகலில் சுள்ளென்று வெயில் அடித்து மண் காயும். குளிரும் வறட்சியும் ஒன்றாக வருகின்றன. 'குளிர்கால உறக்கம்', 'கோடைகால உறக்கம்' இரண்டில் எதில் போடுவது?

அதனால்தான் 'ஒடுக்கம்' என்கிறேன். அடிச்சொல் அது, முன்னால் காரணத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்: குளிரொடுக்கம், வறளொடுக்கம்.

> வேதியியலில் ஒடுக்கம் வேறு பொருளில் இருக்கிறதே? போதாததற்கு ஒடுக்குமுறை வேறு நினைவுக்கு வருகிறது.

ஆமாம், ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை படிக்காதவர் யார். ஆனால் தேரையும் அந்த வினையும் ஒரே பத்தியில் வரும் வாய்ப்புக் குறைவு. ஒடுக்குவது வேறு, ஒடுங்குவது வேறு. இங்கே தேரை தானாக ஒடுங்குகிறது. குறள் 486-இல் ஊக்கமுடையவன் காலம் பார்த்து அடங்கியிருப்பதற்கும் 'ஒடுக்கம்' என்றுதான் பெயர், பாயப்போகும் ஆட்டுக்கடா பின்வாங்குவதுபோல. பருவம் திரும்பினால் எழும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உறக்கத்தில் இது இல்லை.

> ஒடுங்கும் இடத்துக்குப் 'பதுங்குகுழி'?

வேண்டாமே. அந்தச் சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்குப் போர்தான் கண்முன் வரும். 'வளை' நல்ல சொல், ஆனால் கல்கட்டு இடுக்கையும் சருகுக் குவியலையும் யாரும் வளை என்று சொல்வதில்லை. 'ஒடுங்கிடம்' போதும். (சருகை மழைக்காலத்திலும் பார்த்துத்தான் வார வேண்டும். இந்த மலைகளின் புதர்த்தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளேயே குட்டித் தவளையாகிவிடும். ஈரச் சருகிலும் மண்ணிலும் முட்டையிடுபவை உண்டு. அது தனி இழைக்கு உரிய விஷயம்.)

வேலையாட்களுக்கான குறிப்பை இப்படித் திருத்தியிருக்கிறேன்:

'கட்டை, கல், சருகுக் குவியல் எல்லாம் ஒடுங்கிடம். மிஷின் போடாமல் கையால் மெதுவாகப் புரட்டவும். தேரை ஒடுங்கிக் கிடந்தால் தட்ட வேண்டாம், மூடியதை அப்படியே திரும்ப மூடவும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையை நனைத்துக்கொண்டு எடுத்து, நிழலில் ஈரச் சருகுக்கடியில் வைக்கவும். குவியலுக்குத் தீ வைக்கக் கூடாது.'

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். 'ஒடுங்கிடம்' மட்டும் ஒருதரம் திருப்பிக் கேட்டார், மற்றதெல்லாம் சரி என்றார். 'குளிரொடுக்கம்' சேர்த்து எழுதுவதா, 'குளிர் ஒடுக்கம்' என்று பிரிப்பதா? கார்த்திகைக்குள் சொல்லிவிட்டால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.