மீயுயவா, பொருந்தா வழுக்கலா? ஞாயிறு வகுப்புக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

புதன்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல். பெங்களூரு அல்சூரில் நான் நடத்தும் ஞாயிறு தமிழ் வகுப்பில் இந்த வாரம் அறிவியல். இரண்டு பரப்புகள் உரசும்போது உராய்வு ஏறக்குறைய இல்லாத அளவுக்குக் குறைந்துபோவதை ஆங்கிலத்தில் சூப்பர்லூப்ரிசிட்டி என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன எழுதலாம் என்று நம் மடற்குழுவில் கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி தாளை நகலெடுக்கக் கொடுத்தாக வேண்டும். இன்று வெள்ளி. எல்லா மடலையும் படித்துவிட்டேன், வண்டி அச்சு பற்றியவை உட்பட.

மும்பை ஐயா மீயுயவு என்கிறார். உயவு எண்ணெய் (லூப்ரிகன்ட்) ஏற்கெனவே புழங்குகிறது, மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்), மீப்பாய்மம் (சூப்பர்ஃப்ளூயிட்) என்று ஒரு வரிசையும் இருக்கிறது, அதிலேயே இதையும் வைத்துவிடலாம் என்பது அவர் வாதம். ஐயா, அந்த வரிசையில்தான் எனக்குத் தகராறு. மீக்கடத்தியில் மின்தடை உண்மையிலேயே பூஜ்யமாகிறது. 1911-இல் நெதர்லாந்தின் லைடனில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைக் குளிரவைத்துக் கண்டது அது. இங்கே உராய்வு மிக மிகக் குறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. உராய்வுக் கெழு (உராய்வு விசையை அழுத்தும் விசையால் வகுத்த எண்) 0.01-க்குக் கீழே இறங்கினாலே இந்தப் பெயரைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பெயரே மீக்கடத்தியோடு இல்லாத உறவைக் காட்டுகிறது, வேறு பெயர் வைக்கலாம் என்று அந்தத் துறைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கே உறுத்துவதை நாம் ஏன் ‘மீ’ போட்டுத் தமிழில் உறுதிப்படுத்த வேண்டும்?

அப்புறம், உயவு என்றால் நடுவில் எதையோ பூசுகிறோம். நான் பாடமெடுக்கப் போகும் வகையில் எண்ணெய் ஒரு துளிகூடக் கிடையாது, இரண்டு திடப்பரப்புகள் மட்டும்தான். (உயவுக்குப் பழைய பொருள் வருத்தம், அதனால் வேண்டாம் என்று வந்த மடலை நான் ஏற்கவில்லை. இன்று யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.)

போன வாரம் மளிகைக்கடையில் இரண்டு முட்டை அட்டை வாங்கிப்போய் வகுப்பில் காட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றை நேராக வைத்தால் மேடு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது, தள்ளினால் நகராது. மேல் அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் சுலபமாகப் போகிறது. “மிஸ், ஜாருது” என்றாள் ஒரு பெண். பள்ளியிலும் தெருவிலும் கன்னடம், வாயில் வருவது ‘ஜாரு’தான். பெங்களூருப் பிள்ளைகள் சறுக்குமரத்தைக்கூட ஜாருபண்டெ என்றுதான் சொல்வார்கள். நாம் எந்தச் சொல்லை வைத்தாலும் இவள் காதில் ஒட்ட வேண்டும்.

கிராஃபைட்டில் நடப்பதும் இதுதான். இரண்டு பரப்பின் அணுவரிசையும் ஒத்துப்போனால் எல்லா அணுவும் ஒரே நேரத்தில் மேடேற வேண்டியிருக்கிறது. கோணம் மாறினால் சில ஏறும்போது சில இறங்கும். இழுப்பும் தள்ளலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். 1990 வாக்கில் ஹிரானோ, ஷிஞ்ஜோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2004-இல் அதே லைடனில், டங்ஸ்டன் ஊசிமுனையில் ஒட்டிய கிராஃபைட் செதிலைத் திருப்பித் திருப்பி இழுத்துப் பார்த்தபோது, 60 பாகைக்கு ஒருமுறை உராய்வு எகிறியது, இடையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, பொருந்தாததால் வழுக்குகிறது. பெயர் அதைச் சொல்ல வேண்டாமா? அதனால்தான் பொருந்தா வழுக்கல் என்றேன்.

இதற்கு வந்த மறுப்பு நான் எதிர்பாராதது. ‘பொருந்தா’ என்றதும் அக இலக்கணத்தில் வரும் பொருந்தாக் காமமும் பெருந்திணையும் நினைவுக்கு வருகிறதாம். அங்கிருந்து வழுக்கல், வழு (பிழை), வழுவமைதி என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம்வரை போய்விட்டோம். எனக்கும் அதில் ஆசை உண்டு, மறைக்கவில்லை. குறள் 415-இல் ‘இழுக்கல் உடையுழி’ என்று வருகிறதே, வழுக்கும் சேற்றுநிலம், அந்த இழுக்கலை மீட்டுக்கொண்டுவர முடியுமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். முடியாது. பிள்ளைகள் அதை இழுத்தல் என்றுதான் படிப்பார்கள், பொருள் நேர் எதிராகிவிடும்.

ஐயா புறநானூறு 102-இல் வரும் உமணரின் (உப்பு வணிகரின்) சேம அச்சில், அதாவது வண்டியில் கட்டிவைத்த மாற்று அச்சில் தொடங்கி, வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மைவரை வந்தார். அந்த மடலைப் பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன், சாதாரண உராய்வுப் பாடத்துக்கு ஆகும்.

இத்தனை மடலில் எனக்குக் கிடைத்த நல்ல சொல் ‘தளை’. இங்கே பெங்களூரிலிருந்தே ஒரு தம்பி எழுதினார்: வெண்பாவில் சீர் பொருந்தாவிட்டால் தளை தட்டும், இங்கே அணுக்கள் பொருந்தினால்தான் தட்டுகிறது. தளை என்றால் விலங்கு, கட்டு. அணுக்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதற்கு அணுத்தளை என்று வைத்தால் எவ்வளவு அழகாக உட்காருகிறது! அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் தளையிலா வழுக்கல் என்று நீட்டினால் இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் தளையை விளக்க வேண்டும், பிறகு வழுக்கலை.

தில்லி அக்கா இன்னும் உராய்வின்மையில் நிற்கிறார். பாடநூலில் உராய்வு இருக்கிறது, ‘இன்மை’யும் தெரியும், கேட்டவுடன் புரியும், புரியாத துல்லியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்கிறார். அக்கா, புரியும்தான். ஆனால் தப்பாகப் புரியும். உராய்வு இல்லவே இல்லை என்று பதின்மூன்று வயதில் மனதில் பதிந்தால் பிறகு அதை எடுப்பது கடினம்.

ஐவர் பொருந்தா வழுக்கலுக்கு, இருவர் மீயுயவுக்கு, அக்கா தனியாக. ஐவரில் இரண்டு பேர் “சரி, இதையே வைத்துத் தொலை” என்று எழுதியவர்கள், அதுவும் எனக்குத் தெரிகிறது. நாளைத் தாளில் பொருந்தா வழுக்கல் என்று போடுகிறேன், கீழே அணுத்தளைக்கு ஒரு வரி. சூப்பர்லூப்ரிசிட்டி என்பதையும் தமிழ் எழுத்தில் ஒருமுறை எழுதிவிடுகிறேன், பின்னால் தேடிப் படிக்க உதவும்.

அக்கா, திங்கட்கிழமை பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று எழுதுகிறேன். அன்றைக்கும் உங்கள் மறுப்பு அப்படியே இருந்தால், எனக்காக அதை இன்னொரு முறை விரிவாக எழுதுங்கள்.