குதிரைவெட்டியில் ஒரு ராத்திரி தங்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஜனவரியில், பொங்கல் கழிந்து, அப்பாவைக் களக்காடு முண்டந்துறை காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அவருக்கு 67 வயது, முட்டி வலி, அதிகம் நடக்க முடியாது. அவர் ஆசைப்படுவது புலியைப் பார்க்க அல்ல, சோலைமந்தியை, அதாவது சிங்கவால் குரங்கை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது.

சிக்கல் தங்குமிடம்தான். அம்பாசமுத்திரத்தில் கிளம்பி மணிமுத்தாறு தாண்டி மாஞ்சோலை ஏறுவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. விடியும்போதே மேலே இருக்க வேண்டும், அதனால்தான் மாஞ்சோலைக்கும் மேலே இருக்கும் குதிரைவெட்டியைக் கேட்கிறேன்.

போன மே மாதம் மாஞ்சோலை வழியாக ஊத்து எஸ்டேட் போகும் பஸ்ஸில் தனியாகப் போனேன். காக்காச்சி பக்கம் வெடிப்பலா என்ற காட்டு மரத்தில் ஒரு சோலைமந்தி உட்கார்ந்து முள்ளுக்காயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கருத்த முகம், சுற்றிலும் வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். கருங்குரங்கு இல்லை, நிச்சயம். அரை நிமிஷம்தான், பஸ் நிற்கவில்லை. அதைச் சொன்ன நாளிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

செப்டம்பரில் வாடகை கார் பேசினோம்; டிரைவர் அருவியைக் காட்டிவிட்டுத் திருப்பிவிட்டார். அப்புறம் போனில் விசாரித்தேன், ஆளுக்கு ஒரு பதில். என் கார் 2014 ஆல்டோ, அந்தப் பாதையில் அடி தட்டும். ஜீப் எடுக்கத் தயார்.

இந்த ஒரு வருஷத்துக்குள் குதிரைவெட்டி வனத்துறை விடுதியில் தங்கியவர்கள், எங்கே, எத்தனை நாள் முன்னால் விண்ணப்பித்து அனுமதி வாங்கினீர்கள்?