அட்வான்ஸ் வாங்கிவிட்டுப் பத்திரம் போட மறுத்தால்: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டை வாசி:
எங்கள் தாய்மாமா விஷயத்தைச் சொல்கிறேன். அவருடைய வெல்டிங் பட்டறைக்குப் பின்பக்கம் அரை கிரவுண்டு, பழைய ஓட்டு வீட்டோடு விலைக்கு வந்தது. 2015ல் அக்ரிமென்ட் போட்டு, பதிவும் செய்து, அட்வான்ஸ் கொடுத்தார். விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வருகிறது என்று வேலை தொடங்கினார்களோ இல்லையோ, உரிமையாளர் மனசு மாறிவிட்டது. தங்கச்சி கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள், மூலப்பத்திரம் பீரோவில் காணோம், ஆடி போகட்டும் என்று ஆளுக்கொரு காரணம் இல்லை, நாளுக்கொரு காரணம். கடைசியில் அட்வான்ஸை வட்டியோடு தருகிறேன், விட்டுவிடுங்கள் அண்ணே என்று புரோக்கரை அனுப்பினார். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. அதே பணத்துக்கு வேறு எங்கே போனாலும் பட்டறையை ஒட்டின இடம் கிடைக்காதே.

வக்கீல் முதலில் கேட்டது அக்ரிமென்டை இல்லை, பாஸ்புக்கை. மீதிப் பணம் எப்போது, எங்கே இருந்தது, வங்கிக் கடன் என்றால் அனுமதிக் கடிதம் எங்கே, பத்திரம் போட வாருங்கள் என்று எழுத்தில் கூப்பிட்டீர்களா, இதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒப்பந்தப்படி செய்து தரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போவதற்கான சட்டம், 1963ஆம் வருட ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட். அதில் 16(சி) என்று ஒரு பிரிவு. பணம் கட்டத் தயாராகவும் விருப்பமாகவும் கடைசிவரை இருந்தேன் என்பதை வாங்குகிறவர்தான் நிரூபிக்க வேண்டும். கட்டுக்கட்டாக நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டத் தேவையில்லை, கோர்ட் கட்டச் சொன்னால் மட்டும் கட்டினால் போதும். ஆனால் திரட்டும் வழி இருந்தது என்று தெரிய வேண்டும். குறுக்கு விசாரணையில் மாமாவை மணிக்கணக்காக வறுத்தது இந்த ஒரு விஷயத்தில்தான். கெடு முடிவதற்குள் பதிவுத் தபாலில் அவர் அனுப்பியிருந்த நோட்டீஸ்தான் காப்பாற்றியது. சிட்டி சிவில் கோர்ட்டில், பத்திரம் போட்டுத் தர வேண்டும் என்று டிகிரி, அதாவது தீர்ப்பாணை, கிடைத்தது.

ராயபுரம் பையன்:
நான் எதிர்ப்பக்கம். அப்பா வீட்டை விற்கப் போட்ட அக்ரிமென்டில் மூன்று மாதக் கெடு. வாங்க வந்தவர் அட்வான்ஸ் என்று ஏதோ கொடுத்துவிட்டு, அந்தப் பேப்பரைக் காட்டியே அதிக விலைக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஆள் சிக்கவில்லை, போனும் இல்லை. கெடு முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போடலாம் என்பதால் கடைசி மாதத்தில் வந்து போட்டார், இடையில் விலை எங்கேயோ போயிருந்தது. எங்கள் வக்கீல் 1997ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மதுரை வீட்டு வழக்கை எடுத்து வைத்தார். அதில் விலை 60,000, அட்வான்ஸ் 5,000, கெடு ஆறு மாதம், அதற்கப்புறம் இரண்டரை வருடம் சும்மா இருந்தவருக்கு வீடு கிடைக்கவில்லை. எங்களிடம் வந்தவருக்கும் அட்வான்ஸும் வட்டியும்தான் கிடைத்தது. அதை நாங்கள் மனசாரக் கொடுத்தோம், அவர்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

எர்ணாவூர்:
இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, பதிவே செய்யாத அக்ரிமென்ட் என்றால்? வீட்டில் குடியிருப்பதும் நாங்கள்தான்.

பாரிமுனை குமாஸ்தா:
எர்ணாவூர் தம்பி, தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமென்டைப் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் எல்லாம் போச்சு என்று ரொம்ப நாள் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். நம்ம ஊர் வழக்கு ஒன்றில் 2023ல் உச்ச நீதிமன்றம், கிரயம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் அதைச் சாட்சியமாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் சுவாதீனம், அதாவது அனுபவம், என்னிடம் இருக்கிறது, காலி செய்ய முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவைக் காட்டிப் பேச, 2001க்குப் பிறகு எழுதியதென்றால் பதிவு கட்டாயம் வேண்டும். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ராயபுரம் தம்பி சொன்னது பழைய சட்டத்தில் கோர்ட் தன் விருப்புரிமையில், அதாவது கிரயம் கொடுப்பதா வேண்டாமா என்று தானே முடிவெடுத்துப் பார்த்த காலம். 2018 அக்டோபர் 1க்குப் பிறகு அந்த விருப்புரிமையை வெட்டிவிட்டார்கள், அக்ரிமென்ட் செல்லுமென்றால் பெரும்பாலும் கிரயம்தான். தயார், விருப்பம் சங்கதி மட்டும் அப்படியே இருக்கிறது.

டிகிரி வாங்கியவர்கள் பலர் அதற்கப்புறம்தான் அசந்துபோகிறார்கள். கோர்ட் சொன்ன நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால், அதே ஸ்பெசிபிக் ரிலீஃப் ஆக்ட் 28ஆம் பிரிவில் ஒப்பந்தத்தையே ரத்து செய்யச் சொல்லி விற்றவர் மனு போடலாம். எங்கள் ஆபீஸில் ஒரு திருவொற்றியூர் அம்மா வங்கிக் கடன் தாமதமானதால் கெடு தாண்டிவிட்டார்கள், உடனே அந்த மனு வந்து நின்றது. தாமதத்துக்கு வங்கிக் கடிதத்தையே ஆதாரமாக வைத்து அவகாசம் கேட்டோம், கோர்ட் கொடுத்தது, பணமும் கட்டியாகிவிட்டது. அப்படியும் விற்றவர் சார் பதிவாளர் ஆபீஸ் பக்கம் வரவில்லை. இப்போது டிகிரியை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனு நிலுவையில் இருக்கிறது. அவர் இனியும் வராவிட்டால் பத்திரத்தில் அவர் இடத்தில் கோர்ட்டே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும், வரைவு கிரயப்பத்திரம் ஏற்கெனவே தாக்கல் செய்தாகிவிட்டது.