போக ஏழரை, வர ஒன்பதே முக்கால்

டெல்லியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று தேடினால் ஏறத்தாழ 5,850 கிலோமீட்டர் என்று வரும். தூரம் ஒன்றுதானே, நேரமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி மாமாவை ஜனவரிக் குளிரில் நிற்கவைத்த ஆள் நான்.

வேலை விஷயமாக இரண்டு வாரப் பயணம். போகும்போது ஏழரை மணி நேரத்தில் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிவிட்டோம். (ஏழரை என்றதும் அம்மா முகம் சுளித்தது தனிக்கதை.) நடுவில் ஒருமுறை விழித்தபோது முன் இருக்கைத் திரையில் தரை வேகம், அதாவது தரையை வைத்துப் பார்த்தால் விமானம் நகரும் வேகம், மணிக்கு 1,090 கிலோமீட்டர் என்று ஓடிக்கொண்டிருந்தது. புது விமானம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டேன்.

திரும்பும் நாள். காலை 11 மணிக்குப் புறப்பாடு. டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தி, ஆக நம் கணக்குக்குக் காலை 7.30. ஏழரையைக் கூட்டு, பிற்பகல் 3. டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் மாமாவுக்கு "மூணு மணிக்கு இறங்கிடுவேன் மாமா" என்று வாட்ஸ்அப் தட்டிவிட்டேன். டிக்கெட்டில் மாலை 5.15 என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. யார் பார்த்தார்கள்?

நாலு மணி நேரம் பறந்த பிறகு திரையைப் பார்த்தால் வேகம் 640. பாதிக்கு மேல் பாக்கி! இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்றே பயந்துவிட்டேன். தேநீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் கேட்டதற்கு, ஒரு கையை விமானம் போல நீட்டி, மறு உள்ளங்கையால் அதை எதிரே தள்ளிக் காட்டினார். எதிர்க்காற்று.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு, ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விமானத்தின் சொந்த வேகம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 900தான். போகும்போது காற்று தூக்கிக்கொண்டு போகிறது, வரும்போது பிடித்து இழுக்கிறது. இதை 1920களிலேயே பலூன் விட்டு அளந்தவர் வசாபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். உலகமே படிக்கட்டும் என்று 1926இல் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். பாவம், வெளிநாட்டில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

இன்னொன்று. அந்த 5,850 என்பது உருண்டையின் மேல் நூல் பிடித்த தூரம். நூல் திபெத்துக்கு மேலே போகும், விமானங்கள் பொதுவாகப் போகாது. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் பயணிகளுக்கான ஆக்சிஜன் கால் மணி நேரம் போலத்தான் வரும். அதற்குள் 3 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தின் தரையே சராசரியாக 4 கிலோமீட்டருக்கு மேல். அதனால் பெரும்பாலும் தெற்கே சுற்றி, மியான்மர் பக்கமாகப் போக்குவரத்து.

சரி, மாமா. வெளியே வந்தபோது மணி ஆறு. குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக, காலியான காபி பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். காற்று, ஓய்ஷி, திபெத் எல்லாம் கார் நிறுத்தம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். "டிக்கெட்ல என்னடா போட்டிருந்தது?" என்று மட்டும் கேட்டார்.

இப்போதெல்லாம் என்னிடம் மணி கேட்பதில்லை. விமான எண்ணை வாங்கிக்கொண்டு அவரே பார்த்துக்கொள்கிறார்.