மறு: பீர் போட்டியில சொல்ற "ஆஃப் ஃப்ளேவர்" - தமிழ்ல என்ன வைக்கலாம்?

> "கெடுசுவை"ன்னு வச்சிட்டு போகலாமே தம்பி, இதுக்கு எதுக்கு இத்தன மடல்?

ஐயா வணக்கம். ஆஃப் ஃப்ளேவர்னா பீர்ல வரக் கூடாத வாடையோ சுவையோ வர்றது, நம்ம அகராதிக்கு நானும் மொதல்ல கெடுசுவைன்னு தான் எழுதி வச்சிருந்தேன். போன வருஷம் இங்க அமெரிக்காவுல எங்க ஊர்ப்பக்கம், வீட்டுல பீர் காய்ச்சுறவங்க வைக்கிற போட்டி ஒண்ணுக்கு எடுபிடி வேலைக்கு போனேன் (ஸ்டூவர்ட்னு கௌரவமா பேரு, பாட்டில் எடுத்துக் குடுத்து கிளாஸ் துடைக்கிற வேலைதான்). அங்க நடுவர்கள் பேசுனத கேட்டப்புறம் அந்த சொல்லு நிக்காதுன்னு தெரிஞ்சு போச்சு.

பாட்டில்ல லேபிள் இருக்காது, மூடியில ஏதாச்சும் அச்சு இருந்தா கருப்பு மார்க்கர் வச்சு அடிச்சிருப்பாங்க, ஒரு நம்பர் சீட்டு ரப்பர் பேண்டு போட்டு சுத்தியிருக்கும், அவ்ளோதான். யாரு காய்ச்சுனதுன்னு நடுவருக்கு தெரியாது, ஆனா எந்த ஸ்டைல்னு (அதாவது எந்த வகை பீர்னு) சொல்லி அனுப்பியிருக்காங்கன்னு மட்டும் தெரியும். இந்த ஸ்டைல் தான் எல்லாமே. 1985ல ஆரம்பிச்ச பிஜேசிபின்னு (பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் ப்ரோகிராம்) ஒரு நடுவர் அமைப்பு இருக்கு, அவங்க ஒவ்வொரு ஸ்டைலுக்கும் நிறம் எப்படி, கசப்பு எவ்ளோ, என்ன வாசம் இருக்கணும் எது இருக்கக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க. மார்க் ஷீட்டும் அவங்களோடது தான், மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3, சுவைக்கு 20, வாயில படுற பதத்துக்கு 5, மொத்தத்துல எப்படின்னு 10. ஆளாளுக்கு பேசாம எழுதி முடிச்சிட்டு அப்புறம் தான் ஒப்பிட்டு பாப்பாங்க, ரெண்டு பேருக்கும் 7 மார்க்குக்கு மேல வித்தியாசம் வந்தா பேசி கிட்ட கொண்டு வந்தே ஆகணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். காலையில ஜெர்மன் பில்ஸ்ங்கிற ஸ்டைல்ல ஒரு பீர், மூக்குகிட்ட கொண்டு போன உடனே ரெண்டு நடுவரும் முகத்தை சுளிச்சாங்க. வெண்ணெய் வாடை. டைஅசெட்டில்னு ஒரு சமாச்சாரம், ஈஸ்ட் வேலை செய்யும்போது வர்றது, கடைசியில அதுவே திரும்ப தின்னு தீர்த்துடணும், அவசரப்பட்டு குளிர வச்சிட்டா அப்படியே தங்கிடும். (நமக்கு வெண்ணெய் உருக்குற வாசம் வந்தா நாக்குல தண்ணி ஊறும், அங்க மார்க் போகுது!) கொஞ்ச நேரம் கழிச்சு செக் லாகர்னு இன்னொரு ஸ்டைல் பீர் வந்துச்சு, அதுலயும் அதே வாடை லேசா. ஒருத்தர் குறைக்க போனார், மத்தவர் பிஜேசிபி வழிகாட்டிய புரட்டி காமிச்சாரு, இந்த ஸ்டைலுக்கு லேசா இருந்தா பரவால்லன்னு போட்டிருக்கு. மார்க் போகல. கிராம்பு வாசமும் அப்படித்தான், ஜெர்மன் கோதுமை பீர்ல கிராம்பும் வாழைப்பழமும் வரலன்னா குறைப்பாங்க, அதே கிராம்பு அமெரிக்க லாகர்ல வந்தா காட்டு ஈஸ்ட் ஏதோ பூந்துடுச்சுன்னு எழுதுவாங்க.

அதனால "கெட்டது" இல்லைங்க ஐயா, எடம் மாறி வந்தது. கெடுசுவைன்னா பால் திரிஞ்ச மாதிரில்ல ஆகுது.

> ஒவ்வாச்சுவை? பிறழ்சுவை?

ஒவ்வாமைய அலர்ஜிக்கு குடுத்தாச்சு, நடுவர் "ஒவ்வாச்சுவை"ன்னு எழுதி அனுப்புனா யாருக்கோ உடம்பு தடிச்சு போச்சுன்னு காய்ச்சுனவன் பயந்துடுவான். பிறழ்சுவை நல்லாதான் இருக்கு, ஆனா செக் லாகர்ல மன்னிச்சு விட்டாங்களே, அதுக்கு அந்த சொல்லுல வழி இல்ல.

என் யோசனை: சுவைவழு. பள்ளிக்கூடத்துல படிச்சோமே, திணை வழு, பால் வழு, மரபு வழு. யானைய பாத்துக்குறவன இடையன்னு சொன்னா மரபு வழு. இடையனும் நல்ல சொல்லு பாகனும் நல்ல சொல்லு, மாத்தி வச்சா தான் தப்பு, கிராம்புக்கும் அதே கதை தானே. ஸ்டைலுக்கு "பாணி"ன்னு ஓட்டு போட்டவங்க மன்னிக்கணும், எனக்கு "மரபு" தான் பொருத்தமா படுது. எல்லாத்துக்கும் மேல நம்ம இலக்கணத்துல வழுவமைதின்னு ஒண்ணு ரெடியா இருக்கு, வழு தான், ஆனா காரணம் இருக்கறதால ஏத்துக்கலாம்னு. பசுமாட்ட பாத்து ஆசையில "எங்கம்மா வந்துட்டா"ன்னு சொல்றோமே அது. செக் லாகர்ல லேசான வெண்ணெய் வாடை, சாட்சாத் வழுவமைதி!

டென்வர்ல நடக்குற கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவல்ல 50 மார்க் கணக்கு கிடையாது, நடுவர்கள் பேசி தான் மெடல் முடிவு பண்றாங்க. தங்கம்னா மரபுக்கு அச்சா பொருந்தணும், வெள்ளி வெண்கலத்துக்கு லேசா விலகலாம், தகுதியா எதுவும் இல்லன்னா தங்கமே குடுக்காம விட்டுடலாம். தங்கத்துக்கு வழாநிலைன்னு பேரு வச்சிடலாம் போல, சும்மா சொன்னேன்.

தனித்தனி வாடைக்கு புதுசா எதுவும் பண்ண வேணாம், அடுப்படியிலயே இருக்கு. வேகவச்ச மக்காச்சோள வாடை, நனைஞ்ச அட்டை வாடை. வெளிச்சம் பட்டு கெட்டதுக்கு அவங்க ஸ்கங்க்னு ஒரு பிராணி பேரை சொல்றாங்க, நம்மூர்ல அது இல்ல, "வெயில் பட்ட வாடை"ன்னா போதும். துவர்ப்பு மட்டும் தகராறு, நாம அறுசுவையில வச்சிருக்கோம், அந்த ஷீட்ல அது பதத்துக்கு கீழ வருது.

> கணினிக்காரங்க பக்குக்கு (bug, நிரல்ல வர்ற பிழை) வழுன்னு எழுதுறாங்களே, குழம்பாதா?

முன்னாடி "சுவை" ஒட்டியிருக்கே அண்ணா, குழம்பாது.

-----

தம்பி, சுவைவழு பிடிச்சிருக்கு, நான் ஓட்டை மாத்திக்கறேன். ஆனா நீங்க சொன்ன வெண்ணெய் வாடைய வாயில வைக்காமலே மூக்குல கண்டுபுடிச்சிட்டாங்களே, அதை எப்படி சுவைவழுன்னு எழுதறது?

-----

ஐயா, நல்லா புடிச்சீங்க. அப்ப திணை, பால் மாதிரியே ஷீட்ல இருக்கிற தலைப்பு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழு வச்சிடலாம். மணவழு, தோற்றவழு, சுவைவழு, பதவழு. கோதுமை பீர் கலங்கலா இருந்தா தோற்றவழு இல்ல, பில்ஸ் கலங்கலா இருந்தா தோற்றவழு. அகராதியில இப்படியே ஏத்திடவா?

-----

ஏத்துங்க. ஆனா "மணவழு"ன்னு போட்டா கல்யாணத்துல ஏதோ கோளாறுன்னு தான் படிக்கிறவன் நெனப்பான். "வாடைவழு"ன்னு மாத்திடுங்க.