நீரிழிவு மரபணு: தலாமஸ் மங்கல், புறணி முழுவதும் ஒளி. உதவி தேவை

சீவல்பெட்டி: வணக்கம். இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடைய மரபணு மூளையில் எங்கே செயல்படுகிறது என்று அறிய, மூளையின் மெல்லிய சீவல்களில் எதிர்ப்பொருள் (ஒரு குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் பொருள்) கொண்டு சாயமேற்றினேன். பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸில் தெரியும் என்று எதிர்பார்த்தது பெருமூளைப் புறணியிலும் நினைவுக்கான ஹிப்போகாம்பஸிலும் பரவலாக ஒளிர்கிறது. மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் மங்கலாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் வழிகாட்டியிடம் படங்களைக் காட்ட வேண்டும்.

உட்கரு: நீரிழிவோடு தொடர்புடைய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எந்த மரபணு, எந்த விலங்கு, என்ன வயது?

கழுவுநீர்: இது கழுவப்படாமல் தங்கிய சாயத்தின் பின்னணி ஒளியாகவே இருக்கும். கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள்.

சீவல்பெட்டி: டிசிஎஃப்7எல்2. வளர்ந்த சுண்டெலி. முதன்மை எதிர்ப்பொருள் (மரபணுவின் புரதத்தில் நேரடியாக ஒட்டுவது) சேர்க்காத சீவலில் ஒளி இல்லை, ஆகவே வெறும் பின்னணியாகத் தோன்றவில்லை.

மயலின்: புதிதாக முதிரும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளில் (நரம்பிழைகளுக்கு மயலின் உறை அமைக்கும் செல்கள்) இந்த மரபணுவின் புரதம் சிறிது காலம் தோன்றி மறைவதால், நீங்கள் காண்பது அந்தச் செல்களாக இருக்கலாம்.

உட்கரு: வளர்ந்த எலியின் ஹிப்போகாம்பஸ் நியூரான் அடுக்கு முழுவதும் ஒளிர்வதற்கு அந்த விளக்கம் போதாது. ஒளி உட்கருவுக்குள் இருக்கிறதா?

சீவல்பெட்டி: ஆம், உட்கருவில்தான்.

மூத்தவன்: மரபணுவின் இருப்பிடத்தை முதலில் மூளை வரைபடத்தில் பார்த்துவிட்டுத்தான் எதிர்ப்பொருளைத் தொட வேண்டும் என்பதை இக்காலத்தில் யாரும் கற்பிப்பதில்லை போலும். வளர்ந்த சுண்டெலியில் டிசிஎஃப்7எல்2 மிக வலுவாகத் தெரியும் இடம் தலாமஸ். அடுத்து அதை ஒட்டிய சிறு பகுதியான ஹபெனுலாவும் நடுமூளையின் சில பகுதிகளும். பழைய கட்டுரைகள் இதையே டிசிஎஃப்4 என்று அழைத்தன. இன்று அப்பெயரை அதிகாரபூர்வமாகத் தாங்கும் மரபணு முற்றிலும் வேறு: மனிதரில் அது 18ஆம் குரோமோசோமில் உள்ளது, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் பிட்-ஹாப்கின்ஸ் நோய்க்குறியோடு தொடர்புடையது, புறணியிலும் ஹிப்போகாம்பஸிலும் தாராளமாகச் செயல்படுவது. நீரிழிவு மரபணு இருப்பதோ 10ஆம் குரோமோசோமில். உங்கள் எதிர்ப்பொருள் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது?

கணையம்: இந்த மரபணுவை மூளையில் தேடுவதே வீண் என்பது என் கருத்து. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்த தொடர்பு அதன் இன்ட்ரான் (புரதக் குறியீடு இல்லாத) பகுதி மாறுபாட்டைப் பற்றியது. அதைச் சுமப்பவர்களிடம் குறைவது கணையத்தின் பீட்டா செல்களின் இன்சுலின் சுரப்பு.

மயலின்: ஆபத்து கணையம் வழியாக வருகிறது என்பதால் தலாமஸில் அந்த மரபணுவுக்கு வேலையில்லை என்றாகாது. செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் பீட்டா-கேட்டெனினோடு இணைந்து இயங்கும் புரதம் அது. எலியில் அதை நீக்கினால் தலாமஸின் வளர்ச்சியே குலைகிறது.

கணையம்: வளர்ச்சி வேறு, நீரிழிவு வேறு. கேள்வியின் தலைப்பில் நீரிழிவு இருக்கிறது.

உட்கரு: கேள்வி, சாயம் எங்கே ஒளிர்கிறது என்பது மட்டுமே. அந்த வாதத்தைத் தனி இழையில் தொடருங்கள். கேட்டவருக்கு: குப்பி தவறானது என்றால், டிசிஎஃப்7எல்2-க்கான புதிய எதிர்ப்பொருள் வந்ததும் தலாமஸும் ஹிப்போகாம்பஸும் ஒரே சீவலில் அமையும்படி வெட்டினால், முன்னது ஒளிர்ந்து பின்னது இருண்டிருப்பதை ஒரே பார்வையில் சரிபார்க்கலாம்.

சீவல்பெட்டி: குப்பியில் டிசிஎஃப்4 என்று மட்டும் உள்ளது. தரவுத்தாளில் பிட்-ஹாப்கின்ஸ் குறிப்பிடப்பட்டிருக்கிறது. வேறு குப்பிக்குச் சொல்லிவிட்டேன், நன்றி.

கழுவுநீர்: கழுவும் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.