ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு எந்த பவர் சப்ளை?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். இப்போது என் கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசசர், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை வைத்திருக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4070-க்கு மாறப்போகிறேன். அந்த கார்டு 200 வாட் இழுக்கும். கார்டின் நிறுவனமான என்விடியா 650 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது. பழைய சப்ளையில் கார்டுக்கென்று இருப்பது ஒரே ஒரு 6 பின் கேபிள். அது தருவது 75 வாட், கார்டைச் செருகும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து இன்னொரு 75, மொத்தம் 150 தான். ஆக, பழையது போதாது. மோலெக்ஸ் (பழைய வகை 4 பின் மின் இணைப்பு) அடாப்டர் போட்டு ஒப்பேற்றலாம் என்கிறார்கள், எனக்குத் துணிவில்லை.

650 போதுமா, அல்லது பின்னால் கார்டை மாற்றினாலும் தாங்கும்படி 750 வாங்கலாமா? திடீரென்று கார்டு கூடுதலாக இழுக்கும் நொடிகளில் 650 அணைந்துவிடுமா? பவர் சப்ளைகளில் போடும் 80 பிளஸ் கோல்டு முத்திரை என்பது மின்சிக்கனத்தைத்தான் சொல்கிறது, தரத்தை அல்ல. அப்புறம் எதைப் பார்த்து வாங்குவது? இதே கார்டு வைத்திருப்பவர்கள் எந்த மாடல் என்று சொன்னால் நல்லது.